அக்கா காட்டிய ஆலா

கண் தெரியாத ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படுவது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான். ஆனாலும் படுகிறேன். அறுபதைத் தாண்டினால் இதெல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறவர்கள் அக்காவோடு பிறக்காதவர்களாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புழல் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்க வருகிற நம் கூட்டத்தில் எல்லோருமே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். தொப்பி, பிளாஸ்க், முழங்காலில் உறை, கழுத்தில் பைனாகுலர். என் பைனாகுலர் மகன் வாங்கிக் கொடுத்தது. நம் கூட்டத்திலேயே நல்லது அதுதான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். வெயில் ஆரம்பித்த சமயம், பங்குனியில் ஒருநாள், அக்காவை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூட்டி வந்தேன். அவள் வீட்டுக்காரர் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். சர்க்கரை அவள் பார்வையைத் தின்றுவிட்டது. வெளிச்சம், இருட்டு, அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

என் தோளைப் பிடித்துக்கொண்டு கரை ஏறியவள் முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள். "காத்து எதுர்ல கீது. பட்சிங்கல்லாம் நமக்கு முதுவக் காட்டிகினு குந்திகினு கீதுங்களா?" என்று கேட்டாள். நீங்கள் எல்லோரும் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தீர்கள். அத்தனையும் காற்றைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து பிளாஸ்க்கைத் திறந்தால் முதல் டீ அவளுக்கு. நான் கூழைக்கடாவைக் காட்டினால் "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அக்கா என்ன சொல்கிறாள் என்று அந்தப் பக்கம் திரும்புகிறீர்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். அதைச் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறும் என்று பார்க்கிறேன்.

திருவொற்றியூரில் கடலோரமாகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம், இப்போது தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் எங்கள் குப்பம் இருந்தது. அப்போது அங்கே மணல் உண்டு. கரைவலை இழுக்கிற அளவுக்கு அகலமான மணல். கரைவலை பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். படகில் போகிறவர்கள் வலையை வளைத்துப் போட்டுக்கொண்டே போய், இன்னொரு கயிற்றைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரை சேர்ப்பார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் நின்று இழுக்க வேண்டியதுதான். எப்போது போடுவது, எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்வது ஆலா. வெள்ளையாக, கூரான றெக்கையோடு சுற்றிக்கொண்டிருக்கிற பறவை, திடீரென்று தலைகுப்புறக் கடலில் விழும். விழுந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது.

அதைப் பார்த்துச் சொல்ல எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பார்வைக்கு நிறுத்துவார்கள். அது சொன்னால்தான் படகைத் தள்ளுவது. பெரிய ஆட்களுக்கு அடுப்பு எரியாத கவலை இருக்கும், பறவை விழாவிட்டாலும் விழுந்த மாதிரி தெரியும், பிள்ளைக் கண் அப்படிச் செய்யாது என்பார்கள். நைனாவின் வலைக்குப் பார்வை, அக்கா. என்னைவிட இரண்டு வயது பெரியவள்.

கரையில் ஏற்றி வைத்த கட்டுமரத்தின்மேல் நின்றுகொள்வாள். பாவாடையை இழுத்துச் செருகி, இடுப்பில் நைனாவின் சிவப்புத் துண்டு. கத்தவே மாட்டாள். "வுழுது நைனா" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்கிற மாதிரிதான் சொல்வாள். பீடியும் டீயுமாக உட்கார்ந்திருந்த அத்தனை ஆம்பிளைகளும் எழுந்து ஓடுவார்கள். படகு போன பிறகு துண்டை எந்தப் பக்கம் வீசுகிறாளோ அந்தப் பக்கம் திருப்புவார்கள். நைனா அவளுக்கு டீக்கடையிலிருந்து தனிக் கிளாசில் டீ வாங்கி வந்து கொடுப்பார். அவளைக் கூப்பிடுவது "கண்ணு". என்னைக் கூப்பிடுவது "ஏய்".

நான் கட்டுமரத்துக்குக் கீழே மணலில் நிற்பேன். எனக்கும் அதே ஆலா தெரியும். ஒரு தரம் அவளுக்கு முன்னால் பார்த்துவிட்டு, "வுழுது நைனா" என்று கத்தினேன். நைனா என்னைப் பார்க்காமலே, "இரு, அக்கா சொல்லட்டும்" என்றார். ஆலா விழுந்துகொண்டே இருக்கிறது, எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். அவள் கொஞ்சம் பொறுத்து, "வுழுது நைனா" என்றாள். ஓடினார்கள். அந்த நேரம் எனக்கு வயிற்றுக்குள் எரிந்தது இன்றைக்கும் அதே இடத்தில் எரிகிறது.

வலை கரை சேர்ந்ததும் முதல் கை மீன் பார்வைக்காரிக்கு. அவள் பாவாடையை ஏந்துவாள், நைனா இரண்டு கையாலும் அள்ளிப் போடுவார். நெத்திலியோ கானாங்கெளுத்தியோ, எது விழுந்ததோ அது. அம்மா அதைத் தனியாகக் குழம்பு வைப்பாள், ராசி என்று. நான் அந்த மீனைத் தொடமாட்டேன். உப்பும் சின்ன வெங்காயமும் வைத்துக்கொண்டு வெறும் சோற்றைத் தின்பேன், சுவரைப் பார்த்து உட்கார்ந்து. முதுகுக்குப் பின்னால் கானாங்கெளுத்திக் குழம்பு வாசனை வரும். அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். திரும்பிப் பார்த்தால் அக்கா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பத்து வயதான வருடம், பங்குனியில் கடல் செத்துக் கிடந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக, எண்ணெய் ஊற்றிய மாதிரி. வலையைப் போட்டால் சொறி என்கிற ஜெல்லி மீன்தான் ஏறும். அந்த வழுவழுப்பைத் தொட்டவர்கள் கையெல்லாம் தடித்துப் போய்ச் சொறிந்துகொண்டு திரிந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து காற்று திரும்பினால் மூக்கு எரியும். ஆலா ஒன்றையும் காணோம். அக்கா வெறும் கடலைப் பார்த்து நின்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

நைனாவின் தோஸ்து ஒருவர், முன்பு எங்களோடு கயிறு இழுத்த சிநேகிதர், பெண்டாட்டி ஊர்ப்பக்கம் போய் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். வந்து ஏரியைப் பார்த்துவிட்டுப் போ என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வலை சும்மா கிடக்கிற நாளில் நைனா கிளம்பினார், அக்காவைக் கூட்டிக்கொண்டு. அம்மாதான், "சின்னதையும் இட்டுகினு போ, மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கெடக்குது" என்று என்னையும் தள்ளிவிட்டாள். மாதவரம் வரைக்கும் முதல் பஸ், அதற்குமேல் நடை.

நாம் இப்போது நடக்கிற இதே கரைதான். அப்போது பனைமரம் அதிகம். வெயில் இன்னும் ஏறவில்லை, காலுக்குக் கீழே மண் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. உப்பு வாசனையே இல்லாத தண்ணீர்க் காற்றை அன்றுதான் முதலில் மோந்தேன். நைனா இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "உப்பே இல்ல பாரேன்" என்று சிரித்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஏரி முழுக்கப் பறவை. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள், தண்ணீர் ஓரம் நாரைகள், பட்டுப்போன மரத்தில் றெக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு கருப்பாக நீர்க்காகங்கள். நடு ஏரியில் ஆலா. கடலில் சேர்ந்தாற்போல் அவ்வளவு ஆலாவை நாங்கள் பார்த்ததே கிடையாது. இறங்குகின்றன, எழும்புகின்றன, மறுபடி இறங்குகின்றன. நைனா பறவையின் நிறத்தைப் பார்த்தவர் இல்லை. பறவை என்றால் அவருக்கு அதன் அடியில் இருக்கிற மீன்தான். அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இம்மாம் மீன வெச்சிகினு சும்மா குந்திகினு கீறியேடா" என்றார் தோஸ்திடம். இது கடல் இல்லை, இங்கே சாயங்காலம் வலை கட்டிவிட்டுக் காலையில் எடுப்போம், பறவையெல்லாம் பார்ப்பதில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். நைனா கேட்கிற நிலையில் இல்லை. கரையில் ஏரிக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள், கடல்காரர் வித்தை காட்டப் போகிறார் என்று. நைனா அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என் பொண்ணு காட்டுற எடத்துல ஒரு வீச்சு. அப்பறம் பேசு" என்றார். தோஸ்து தோணியையும் வீச்சு வலையையும் கொடுத்தார்.

அக்கா பார்த்தாள். கடற்கரையில் பார்ப்பதைவிட நிறைய நேரம் பார்த்தாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். பட்ட மரத்துக்குப் பக்கத்தில் நீர்க்காகங்கள், கழுத்து மட்டும் வெளியே தெரிய வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சேர்ந்து முங்குகின்றன. எழும்பும்போது ஒவ்வொன்றின் வாயிலும் பளபளவென்று ஒன்று. தலையை அண்ணாந்து விழுங்குகின்றன. "நைனா, அங்க. கருப்புக் காக்கா முங்குற எடத்துல" என்று கத்தினேன். நைனா திரும்பவில்லை. அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து, எதிர்ப்பக்கம் வீசினாள்.

"அங்க நைனா. ஆலா வுழுது."

தோஸ்து துடுப்புப் போட, நைனா தோணியில் நின்றுகொண்டே வலையை வீசினார். அது வட்டமாக விரிந்து விழுந்த அழகைக் குறை சொல்ல முடியாது. இழுத்தால் பாசி. மறுபடி வீசினார், பாசியும் நத்தையும். இன்னொரு தரம், யாரோ விட்டுப்போன செருப்பு. கரையில் ஒருவர், பாசியில் குழம்பு வைத்தால் கடல்காரர் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டார். நைனாவின் கழுத்து சிவந்தது கரையிலிருந்தே தெரிந்தது. தோஸ்து துடுப்பைப் போட்டுத் தோணியைப் பட்ட மரத்துப் பக்கம் கொண்டுபோனார். வலையை வாங்கி அவரே வீசினார். ஜிலேபியும் கெண்டையுமாக வலை கனத்து, இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

நான் சொன்ன இடம். நான் சொன்னேன், நான் சொன்னேன் என்று கரையில் குதித்தேன். தோணி கரைக்கு வருகிற வரைக்கும் குதித்துக்கொண்டே இருந்தேன். இனிமேல் கட்டுமரம் எனக்கு, டீ எனக்கு, கண்ணு நான் என்று நினைத்தேன். நைனா இறங்கினார். என்னைத் தாண்டிப் போனார். அக்காவின் முகத்தை அந்தச் சிவப்புத் துண்டால் துடைத்தார்.

"ஏரிப் பட்சி ஏமாத்திடுச்சி கண்ணு. உன்மேல இன்னா தப்பு கீது?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னாடி குதிக்கிற? அக்கா மூஞ்சி வாடிகினு கீது, உனக்குக் கண்ணு தெரியல?" என்றார்.

திரும்பும்போது பனைமரத்தடியில் நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். இளசாக, பெருவிரலை விட்டால் தண்ணீர் தெறிக்கிற நுங்கு அக்காவுக்கு. எனக்கு முத்தல். தோஸ்து கொடுத்த மீனை அன்று அம்மா குழம்பு வைத்தாள். சேறு நாறுகிறது என்று வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. கடல் மீன் தின்று வளர்ந்த நாக்கு. நான் தின்றேன். சட்டியை வழித்துத் தின்றேன். என் மீன் அது. உண்மையில் சேறுதான் நாறியது.

அந்த வருடம் ஆடியில் அக்கா வயசுக்கு வந்தாள். எங்கள் குப்பத்தில் அதற்குப் பிறகு பெண்பிள்ளை வலையைத் தொடக் கூடாது, கட்டுமரத்தில் கால் வைக்கக் கூடாது, படகு தள்ளுகிற நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஓலை மறைப்புக்குள் அவள் உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர்கள் புட்டும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சந்தோஷத்தில் வாசலுக்கும் கடலுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நைனா என்னைக் கட்டுமரத்தின்மேல் தூக்கி நிறுத்தினார். எனக்கு மஞ்சள் துண்டு. சிவப்புத் துண்டு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் பார்த்துச் சொன்னேன். நைனா உடனே தள்ளச் சொல்லமாட்டார். தலைப்பாகையை அவிழ்ப்பார், உதறுவார், மறுபடி கட்டுவார். அப்புறம்தான் "தள்ளுங்கடா" என்பார். சில நாள் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே விடுவார். என் பேச்சை அவ்வளவு யோசித்துப் பார்க்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மழைக்காலம் முடிகிற சமயம் ஒருநாள், அவர் தலைப்பாகையை அவிழ்க்கும்போது எங்கே பார்க்கிறார் என்று தற்செயலாகத் திரும்பினேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடுகிற கொடி மேட்டில் இருந்தது, அங்கிருந்து கடல் தெரியும். கொடி காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு கை சிவப்புத் துண்டை அதில் போட்டது. "தள்ளுங்கடா" என்றார் நைனா.

அத்தனை நாளும் அவள் கண்ணுக்குத்தான் படகு போயிருக்கிறது. நான் சும்மா மஞ்சள் துண்டோடு நின்றிருக்கிறேன்.

அம்மா மீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் அழுதேன். "வூட்டுக்குள்ள அடச்சி வெச்ச பொண்ணு. அவ கண்ணாவது வெளிய போய்ட்டு வரட்டும்னு உங்க நைனா நெனச்சாரு. உனக்கு இன்னாடி கொறஞ்சி போச்சி?" என்றாள். எனக்கு என்ன குறைந்தது என்பதைக் கவனிக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. நான் மறுநாள் கட்டுமரத்தில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே அக்கா கிடையாது. படித்து, மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அக்கா காசிமேட்டில் மீன் விற்றாள். மீனவர் வீட்டுப் பெண்ணைப் படிக்க வைத்தார் என்று குப்பத்தில் நைனாவுக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம்மில் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நடு ஏரியில் பறந்ததைக் காட்டி விளக்கினார் அல்லவா? அது மீசை ஆலா, கடல் ஆலா போல முங்கி மீன் பிடிக்காது, தண்ணீர்மேல் இருக்கிற பூச்சியைக் கொத்திக்கொண்டு எழும்பிவிடும் என்று. நீங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு நடந்தீர்கள். நான் பின்தங்கினேன். இத்தனை வருடம் கழித்து என் பக்கம் தீர்ப்பு வந்திருக்கிறது. நீங்கள் முன்னால் போன பிறகு அக்காவை சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"அன்னிக்கு நைனாவுக்கு நீ காட்டுன ஆலா இருக்கே, அது மீன் புடிக்கிற ஆலாவே இல்லையாம். பூச்சி பொறுக்குற ஆலாவாம்" என்றேன்.

"தெரியுமே" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அது முங்கல. றெக்க நனையாம மேலாப்புல தொட்டுகினு எழுந்துகினு இருந்திச்சி. முங்காத ஆலாக்குக் கீய மீனு ஏது? அன்னிக்கே பாத்தேன்."

அப்புறம் ஏன் துண்டை அங்கே வீசினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. அக்கா ஏரிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ கருப்பக் காட்டிட்ட. சரியாத்தான் காட்டுன. நான் தப்பாக் காட்டுனா நைனா இனிமே உன்னக் கேப்பாருன்னு பாத்தேன். நீ என் மீனத் தொடாம உப்பத் தொட்டுத் துன்னுகினு கெடந்த. எனக்கு சோறு எறங்கல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்த மனுசன் கேக்கல. நான் இன்னா பண்றது?" என்றாள்.

பைனாகுலரை எடுத்து ஆலாவைப் பார்த்தேன். அவள் சொன்னது போலவே றெக்கை நனையாமல் தொட்டுத் தொட்டு எழும்பிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அதே இடத்தில் நின்று அதே பறவையைப் பார்த்தேன், இது என் கண்ணில் படவில்லை. நீர்க்காகத்தை மட்டும்தான் பார்த்தேன். வாழ்க்கையில் நான் அவளை ஜெயித்தது ஒரே ஒரு காலைப் பொழுது. அதையும் அவள்தான் எனக்குப் பிச்சையாகப் போட்டிருக்கிறாள். நல்ல கண் இருந்தது, நைனா இருந்தார், போதாது என்று நல்லவளாகவும் இருந்து தொலைத்திருக்கிறாள். இத்தனை வருடம் அதைச் சொல்லாமல் வேறு இருந்திருக்கிறாள்.

அன்று மதியம் கானாங்கெளுத்திக் குழம்பு வைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா தன் தட்டில் தடவி, நடுத்துண்டை எடுத்து, இன்னொரு கையால் என் தட்டின் விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் காத்திருந்தாள். தின்கிறேனா என்று பார்க்கிறாள்.

தின்றேன். ருசியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.